நாற்பதாம் பக்கத்தில் தூங்கியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் முதல் நாவல் வெளிவந்த இரண்டாவது மாதம், ஒரு வாசகர் அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு இரண்டே வரி எழுதியிருந்தார். "40-ஆம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். விழித்த பிறகும் எடுக்கத் தோன்றவில்லை." அவ்வளவுதான். அதற்கு முன்பு வந்த பாராட்டுகளில் ஒரு வரிகூட இன்று ஞாபகத்தில் இல்லை. இது மட்டும் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆறு பக்கம். மழையை நான் ஏன் அத்தனை விரிவாக வர்ணித்தேன், அது நாயகியின் மனதோடு எப்படிச் சேர்கிறது, பொறுமை இல்லாதவருக்கு நாவல் எதற்கு... காலையில் படித்துப் பார்த்தால், நாவலைவிட அதுதான் தூக்கத்தை வரவழைத்தது. கிழித்துப் போட்டேன்.

பத்திரிகை விமர்சகர் திட்டினால் எனக்கு இப்படி எரிவதில்லை. அவருக்கு ஒரு கோட்பாடு இருக்கும், ஒரு கோஷ்டி இருக்கும், நம்மோடு ஏதாவது பழைய கணக்கு இருக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். முகம் தெரியாத வாசகர் விஷயத்தில் அந்த வசதி இல்லை. சொந்தக் காசைப் போட்டு வாங்கியவர். நம்மைப் புண்படுத்தும் எண்ணம்கூட அவருக்குக் கிடையாது. சொல்லப்போனால் அவர் நம்மிடம் பேசவே இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இன்னொரு வாசகரிடம் பேசுகிறார். அதை ஒட்டுக்கேட்டுவிட்டு, நடுவில் புகுந்து சண்டைக்கு நிற்பது நாம்தான்.

பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ரத்தக்காட்டேரி நாவல்களால் உலகப் புகழ் பெற்ற ஆன் ரைஸ், 2004-இல் தன் நாவலைத் திட்டிய வாசகர்களுக்கு அமேசானிலேயே நீளமாகப் பதில் எழுதினார். நீங்கள் படித்த கோணமே தவறு என்றார். பிடிக்காதவர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன் என்று முகவரியும் கொடுத்தார்! அந்த நாவலைப் படிக்காதவர்களும் அந்தப் பதிலைப் படித்தார்கள். வால்ட் விட்மன் வழி வேறு. 1855-இல் தன் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதி, அமோகமாகப் புகழ்ந்துகொண்டார். தொகுப்பு நிஜமாகவே மகத்தானது என்பதால் உலகம் மன்னித்துவிட்டது. நாமெல்லாம் அந்த விஷப்பரீட்சையில் இறங்க வேண்டாம்.

நம் புலவர்கள் கெட்டிக்காரர்கள். எவரும் வாய் திறப்பதற்கு முன்பே அவையடக்கம் பாடிவிடுவார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை நான் என்று கம்பரே சொல்லிக்கொண்ட பிறகு, அதற்குமேல் யார் என்ன திட்டுவது?

சரி, அப்புறம் நான் என்ன செய்தேன்? உடனே ஒன்றும் செய்யவில்லை. கடுமையான மதிப்புரைகளை என் தங்கையிடம் தள்ளிவிட்டேன். அவள் படித்துப் பார்த்துப் பிரித்து வைப்பாள். பார்சல் நனைந்து வந்தது என்பதற்காக ஒற்றை நட்சத்திரம் போட்டவர் ஒரு பக்கம். எழுத்தை விட்டுவிட்டு என் படத்தைக் கேலி செய்தவர்களும் அங்கேதான். மிச்சம் இருப்பதை மூன்று மாதம் கழித்துப் படிப்பேன். அதற்குள் அடுத்த கதையில் பாதி தூரம் போயிருப்பேன், வலி பாதியாகியிருக்கும்.

அப்படிப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. எந்த இடத்தில் அலுத்தது என்று சொல்லும்போது வாசகர் அநேகமாகத் தவறுவதில்லை. அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசனை சொல்லும்போதுதான் பெரும்பாலும் தவறுகிறார். நாயகி செத்திருக்கக் கூடாது என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். அவள் செத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் அந்த நாவலையே எழுதினேன். ஆனால் அந்தப் பதினோரு பேரில் நாலு பேர், சாவு திடுதிப்பென்று வந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தார்கள். அது வாஸ்தவம். அவளுடைய காய்ச்சலை நான் ஒரே வரியில் கடந்திருந்தேன்.

தூங்கியவரை என்ன செய்வது? ஒருநாள் துணிந்து 40-ஆம் பக்கத்தைத் திறந்தேன். 37-ஆம் பக்கத்தில் பிடித்த மழை 43 வரை விடவில்லை. ஓட்டில் விழுகிறது, இலையில் விழுகிறது, தகரத்தில் விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை. ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் நாயகி ஆறு பக்கமாகக் கையைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது உவமையில் எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாம் பதிப்பில் நாலரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். தகரத்தை மட்டும் விட மனம் வரவில்லை, இருக்கிறது.

போன வருஷம் இரண்டாவது நாவல் வந்தது. அதே வாசகர், அதே பெயரில் எழுதியிருந்தார். இந்த முறை இரண்டு நட்சத்திரம். "112-ஆம் பக்கம் வரை விழித்திருந்தேன்."

112-ஐ இன்னும் திறந்து பார்க்கவில்லை. மூன்று மாதம் ஆகட்டும்.

வணக்கம்.