நார்த் பிளாட் ரயில் நிலையமும் ஹூட் ரிவர் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது போரைப் பற்றித்தான். ஆனால் போர்க்களத்துக்குள் அதிகம் போகப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய அந்த முதல் சில மாதங்களில், அந்த நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் என்ன நடந்தது, அங்கே முன்னாள் ராணுவத்தினர் நடத்திய சங்கங்கள் ஊரோடு சேர்ந்து என்ன செய்தன என்பதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்கன் லீஜன் என்று ஒரு அமைப்பு. முதல் உலகப் போர் முடிந்து, பிரான்சில் ஊர் திரும்பக் காத்திருந்த அமெரிக்கப் படையினர் 1919 மார்ச்சில் பாரிஸில் கூடித் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. சீக்கிரமே ஊர் ஊராகக் கிளைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கிளைக்கும் ‘போஸ்ட்’ என்று பெயர், ஒரு எண்ணும் உண்டு. நம் மாவட்டத் தலைநகரங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறதே, அது அரசாங்கம் நடத்துவது. போஸ்ட் என்பது உறுப்பினர்களே சந்தா கட்டி நடத்தும் சங்கம். பல ஊர்களில் அதற்கென்று ஒரு கூடம் இருக்கும். விருந்தும் நடனமும் அங்கேதான். இறந்துபோன தோழரின் சவப்பெட்டிக்குக் கொடி போர்த்த ஆட்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான். மனைவி, சகோதரி, மகள்களுக்குத் தனியாக ஒரு மகளிர் சங்கம்.

இதில் ஒரு சின்ன வயதுக் கணக்கு இருக்கிறது. 1917-ல் இருபது வயதில் போருக்குப் போனவருக்கு 1941-ல் நாற்பத்து நான்கு வயது. மளிகைக் கடை வைத்திருப்பார், ரயில்வேயில் வேலை பார்ப்பார், பண்ணை வைத்திருப்பார். அவருடைய பையனுக்கு இப்போது இருபது. டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பான் குண்டு போட்ட செய்தியை வானொலியில் அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். பிள்ளைக்கு ரத்தம் கொதித்திருக்கும். அகழிச் சேற்றில் நின்று, விஷவாயுவுக்கு முகமூடி மாட்டிப் பழகிய அப்பாவுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். அந்த அப்பாக்கள் கூடும் இடம்தான் போஸ்ட். ஊரிலேயே போர் என்றால் என்னவென்று தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

அதனால் எல்லா வேலையும் அங்கே வந்து சேர்ந்தது. விமானங்களைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்று ராணுவம் கேட்டது. ராடார் எல்லா இடத்திலும் இல்லாத காலம். கூரை மேலும் குன்று மேலும் ஒருவர் தொலைநோக்கியோடு நிற்க வேண்டும். விமானம் தெரிந்தால் எத்தனை, எந்தத் திசை, எத்தனை இயந்திரம் என்று தொலைபேசியில் சொல்ல வேண்டும். இதற்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை லீஜன் போருக்கு முன்பே ஏற்றிருந்தது. படையினர் பாட்டுக் கேட்பதற்காக 1942-ல் வீடு வீடாகப் போய்ப் பழைய கிராமபோன் தட்டுகளை வாங்கினார்கள். பழைய தட்டுகளை உருக்கி விற்ற பணத்தில் புதுத் தட்டுகள் வாங்கி முகாம்களுக்கு அனுப்பினார்கள். பழைய இரும்பு சேகரிப்பும் அப்போதுதான். முதல் போரில் ஜெர்மானியரிடம் பிடித்த பீரங்கியைப் பல ஊர்களில் நீதிமன்ற வாசலில் ஞாபகார்த்தமாக நிறுத்தியிருந்தார்கள். 1942-ல் அவற்றில் எத்தனையோ பீரங்கிகளைப் பெயர்த்தெடுத்து உருக்காலைக்கு அனுப்பினார்கள். தங்கள் இளமைக்கு இருந்த ஒரே கல்வெட்டை அடுத்த தலைமுறையின் தோட்டாவுக்காகக் கொடுப்பது லேசான காரியமா? எனக்கு இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

சரி, ஒரு ஊருக்குள் போவோம். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட். சுமார் பன்னிரண்டாயிரம் பேர் இருந்த ரயில்வே ஊர். யூனியன் பசிபிக் ரயில் பாதையில், கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளிக்கு நடுவே இருக்கிறது. 1941 டிசம்பர் 17 அன்று ஊருக்குள் ஒரு பேச்சு பரவியது. நெப்ராஸ்கா தேசியக் காவற்படையின் ‘டி’ கம்பெனி, அதாவது அந்த வட்டாரப் பையன்கள், ரயிலில் மேற்கே போகிறார்கள், நம் நிலையத்தில் வண்டி நிற்கும் என்று. நூற்றுக்கணக்கான பேர் கேக், சிகரெட், கிறிஸ்துமஸ் பொட்டலம் என்று கைநிறைய எடுத்துக்கொண்டு நடைமேடையில் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. ‘டி’ கம்பெனிதான், ஆனால் கான்சஸ் மாநிலத்து ‘டி’ கம்பெனி. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. அப்புறம் கொண்டுவந்ததை அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டார்கள். மொத்தக் கதையும் இந்தக் கணத்தில்தான் திரும்புகிறது. தன் பிள்ளைக்கென்று சுட்ட கேக்கை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அது நடக்கிற காரியம். பெயரே தெரியாத, திரும்பப் பார்க்கவே போகாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

அந்தக் கூட்டத்தில் ரேய் வில்சன் என்ற இளம்பெண் இருந்தார். கடையில் விற்பனையாளர். அவருடைய அண்ணன்தான் நெப்ராஸ்கா ‘டி’ கம்பெனிக்குத் தலைமை தாங்கியவர். மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: இந்த வழியாகப் போகும் ஒவ்வொரு படை ரயிலையும் நாம் வரவேற்க ஒரு கேன்டீன் வைத்தால் என்ன? ஒரே வாரத்தில், கிறிஸ்துமஸ் அன்று, கேன்டீன் தொடங்கிவிட்டது. யூனியன் பசிபிக்கின் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் நார்த் பிளாட்டில் பிறந்தவர். நிலையத்தில் சும்மா கிடந்த சிற்றுண்டிச் சாலையைக் கொடுத்துவிட்டார்.

நீராவி இயந்திரத்துக்குத் தண்ணீர் பிடிக்கவும் எண்ணெய் போடவும் வண்டி அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். அவ்வளவுதான் நேரம். படை ரயில்களின் நேரம் ரகசியம் என்பதால், ‘காபிப் பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டது’ என்று சொன்னால் வண்டி வருகிறது என்று அர்த்தம். கதவு திறந்ததும் பையன்கள் ஓடி வருவார்கள். சாண்ட்விச், அவித்த முட்டை, பால், காபி, டோனட், பழைய பத்திரிகைகள். மூலையில் ஒரு பியானோ. யாருக்காவது அன்றைக்குப் பிறந்தநாள் என்றால் முழுக் கேக் ஒன்று அவன் கைக்குப் போய்விடும். 1942 மே முதல் சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. அந்தக் கேக் ஒவ்வொன்றும் யாரோ ஒரு வீட்டில் தங்கள் பங்குச் சர்க்கரையை மிச்சம் பிடித்துச் செய்தது.

பன்னிரண்டாயிரம் பேர் இருக்கும் ஊர் தனியாகத் தாங்கக்கூடிய வேலையா இது? வில்சனுக்கே சில மாதங்களில் உடம்பு முடியாமல் போனது. ஹெலன் கிறைஸ்ட் என்ற பெண்மணி பொறுப்பை எடுத்துக்கொண்டார். சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் முறை வைத்து வந்தன. லீஜனின் மகளிர் சங்கங்கள், தேவாலயப் பெண்கள், பண்ணைக் குடும்பங்கள் என்று ஒரு நாளைக்கு ஒரு ஊர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் தன் கணவனை இப்படி ஒரு ரயிலில் ஏற்றி அனுப்பிய பெண்ணுக்கு அந்த நடைமேடையில் யாரும் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பையன்களிடம் என்ன கேட்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். மொத்தம் 125 ஊர்கள், ஏறத்தாழ 55,000 தன்னார்வலர்கள். 1946 ஏப்ரல் 1 அன்று மூடும்வரை அறுபது லட்சம் பேர் அந்தக் கேன்டீனில் சாப்பிட்டிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவமே கறுப்பர், வெள்ளையர் என்று பிரிந்து கிடந்த காலத்தில், அங்கே கறுப்பினப் படையினருக்கும் அதே மேசையில்தான் பரிமாறினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கேட்க இதமாக இருக்கும். ஆனால் அதே காலத்தில், அதே லீஜனைச் சேர்ந்த இன்னொரு ஊரையும் சொல்லாமல் விட்டால் நான் பாதியை மறைத்தவன் ஆவேன்.

ஆரகன் மாநிலத்தில் ஹூட் ரிவர். கொலம்பியா ஆற்றங்கரை, பின்னால் பனி மூடிய ஹூட் மலை, பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிளும் பேரியும். அந்தத் தோட்டங்களில் பலவற்றை உருவாக்கியவர்கள் ஜப்பானியக் குடியேறிகள். காட்டை வெட்டி, அடிமரங்களை வேரோடு பிடுங்கி, தோட்டமாக்கினார்கள். ஆனால் அவர்களால் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது. 1919-லேயே அங்கே ஆசியருக்கு எதிராக ஒரு சங்கம் கிளம்பியது. 1923-ல் ஆரகன் சட்டம் அவர்கள் நிலம் வாங்குவதையே தடுத்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் குடிமக்கள்.

பேர்ல் ஹார்பருக்குப் பிறகு சில நாட்களிலேயே, ஊரில் கடையும் தோட்டமும் வைத்து மரியாதையாக வாழ்ந்த மசுவோ யசுய் கைது செய்யப்பட்டார். விசாரணையில் அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக வரைந்த பனாமா கால்வாய்ப் படத்தைக் காட்டி, இதைத் தகர்க்கத் திட்டம் போட்டீர்களா என்று கேட்டார்கள். அவர் மகன் மினோரு யசுய் வழக்கறிஞர், ராணுவ ரிசர்வில் அதிகாரியும்கூட. வேலைக்கு வருகிறேன் என்று திரும்பத் திரும்பப் போய் நின்றார், திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் இரவில் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டபோது, 1942 மார்ச் 28 அன்று போர்ட்லண்ட் வீதியில் வேண்டுமென்றே நடந்து, தானே காவல் நிலையத்துக்குள் போய்க் கைதானார். ஒன்பது மாதம் தனிமைச் சிறை. அந்த மே மாதம் ஹூட் ரிவரின் ஜப்பானியக் குடும்பங்களையெல்லாம் கையில் தூக்க முடிந்த மூட்டைகளோடு தடுப்பு முகாம்களுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். நார்த் பிளாட்டில் படை ரயில்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த அதே மாதம்.

அந்தக் குடும்பங்களின் பையன்களோ ராணுவத்தில் இருந்தார்கள். ஹூட் ரிவரின் லீஜன் போஸ்ட், எண் 22, பணியில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் மாவட்ட நீதிமன்றச் சுவரில் எழுதி வைத்திருந்தது. 1944 நவம்பர் 29 அன்று அதிலிருந்து பதினாறு பெயர்களை அழித்தார்கள். பதினாறும் ஜப்பானியப் பெயர்கள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான், பிரான்சின் வோஜ் மலைக்காட்டில் சிக்கிக்கொண்ட டெக்சாஸ் படைப்பிரிவினர் 211 பேரை 442-ஆவது படைப்பிரிவு மீட்டது. அது ஜப்பானிய அமெரிக்கர்களின் படைப்பிரிவு. மீட்கப்பட்டவர்களைவிடப் பல மடங்கு பேர் அந்தச் சண்டையில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

அழித்த பதினாறில் ஒன்று ஃபிராங்க் ஹச்சியா. ஹூட் ரிவர் பள்ளத்தாக்குப் பையன், ராணுவ உளவுப் பிரிவில் ஜப்பானிய மொழி அறிந்தவர். பிலிப்பைன்ஸில் லெய்டே தீவில் சுடப்பட்டு, 1945 ஜனவரி 3 அன்று இறந்தார். வயது இருபத்து நான்கு. சுவரில் அப்போது அவர் பெயர் இல்லை.

அவர்களைப் பூதங்களாக ஆக்கிவிட எனக்கு மனமில்லை. அந்தப் போஸ்ட்டில் இருந்தவர்களும் முதல் போரில் அடிபட்டவர்கள், பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பியவர்கள். ஆனால் ராணுவத்தில் இருந்தவனுக்கு மற்றவனைவிட ஒன்று அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும்: சீருடை போட்ட பையனின் பெயரை ஊர் என்ன செய்கிறது என்பது, களத்தில் அவன் கையிலிருக்கும் கடிதத்துக்குச் சமம். அது தெரிந்தும் தூரிகையை எடுத்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின. களத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களே கோபத்தோடு கடிதம் போட்டார்கள். லீஜனின் தேசியத் தலைமையும் பெயர்களைத் திரும்ப எழுதும்படி கேட்டுக்கொண்டது. 1945-ல் மறுபடி எழுதினார்கள். உள்ளூரிலேயே எதிர்த்து நின்றவர்களும் உண்டு. ஷெர்மன் பர்கோய்ன் என்ற மெதடிஸ்ட் போதகர் வெளிப்படையாகப் பேசினார். ஊரில் பலர் அவரை ஒதுக்கினார்கள். கொஞ்ச காலத்தில் அவர் இன்னும் சின்ன ஊர் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். மினோரு யசுய்க்கு 2015-ல், அவர் இறந்து இருபத்தொன்பது வருடம் கழித்து, அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது கிடைத்தது.

முகாம்களிலிருந்து குடும்பங்கள் திரும்ப ஆரம்பித்தபோது, ஹூட் ரிவரில் சில கடைகளில் அவர்களுக்குச் சாமான் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அப்போது பர்கோய்னும் அவரோடு சேர்ந்த சில உள்ளூர்க் குடும்பங்களும் ஒரு சிறு சங்கம் வைத்துக்கொண்டு அவர்களுக்குத் துணை நின்றார்கள். தாங்களே கடைக்குப் போய், வேண்டிய சாமானை வாங்கி, திரும்பி வந்தவர்களின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த அக்கம்பக்கத்தாரும் அந்த ஊரில் இருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.