ஆயுத பூஜையன்றே தொடங்கிய என் தீபாவளி வியாபாரம்

வணக்கம், நேயர்களே. தீபாவளி முடிந்து நான்கு நாள்கள் ஆகின்றன. இன்று 2025 அக்டோபர் 24. காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே இதைப் பதிவு செய்கிறேன். என் பின்னால் எப்போதும் அடுப்பின் மேல் இருக்கும் பெரிய இருப்புச்சட்டி இன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஆண்டின் கடைசித் தேன்குழல் அக்டோபர் 17 அன்றே, அதாவது பண்டிகைக்கு மூன்று நாள்கள் முன்பே, விற்றுத் தீர்ந்துவிட்டது. சென்ற தீபாவளிக்கு மறுநாள் 11 கிலோ பலகாரம் மீந்துபோய், அதை எதிரில் வைத்துக்கொண்டு நான் பேசிய காணொளி உங்களுக்கு நினைவிருக்கும். இந்த ஆண்டு 142 கிலோ போட்டேன். ஒரு சீப்புச் சீடைகூட மிஞ்சவில்லை. அந்த மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு நான் செய்த பெரிய தவறு, தீபாவளி வாரத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி அறிவித்ததுதான். ஒரு கிலோ தேன்குழலை 480 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். மாவு, எண்ணெய், எரிவாயு, உதவிக்கு வரும் அக்காவின் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 380 ரூபாய் அடங்குகிறது. மிஞ்சுவது 100 ரூபாய். அதில் 48 ரூபாயைத் தள்ளுபடியாகக் கொடுத்தால் ஏறத்தாழ பாதி லாபம் கையைவிட்டுப் போய்விடுகிறது. வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர்கள் தள்ளுபடி கொடுக்கவே கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போய்விட்டது.

அதற்குப் பதிலாக இந்த ஆண்டு, ஆயுத பூஜையன்று காலையில், அக்டோபர் 1 அன்று, இரண்டு தேன்குழலும் ஒரு மாவுருண்டையும் வைத்த 60 சிறு பொட்டலங்களுடன் நானும் என் தம்பியும் கிளம்பினோம். பட்டறைகள், ஜெராக்ஸ் கடைகள், அச்சகங்கள், ஜவுளிக்கடைகள் என்று பூஜை நடக்கும் இடங்களாகப் பார்த்து, முதலாளியின் கையிலேயே கொடுத்து, “அண்ணே, தீபாவளிக்கு உங்கள் ஆட்களுக்குக் கொடுக்க கால் கிலோப் பெட்டி போட்டுத் தருகிறேன்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தோம். அன்று முதலாளியும் தொழிலாளர்களும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள். பொட்டலத்தை அங்கேயே பிரித்து எல்லோரும் தின்று பார்ப்பார்கள். அப்போது தீபாவளிக்கு இன்னும் 19 நாள்கள் இருந்தன. அடுத்த பத்து நாளுக்குள் 17 இடங்களிலிருந்து 260 பெட்டிகளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த இரண்டு ஆண்டுகளில் இதில் கால் பங்குகூட வந்ததில்லை.

பெட்டி என்றதும் எனக்கு வருத்தம் தந்த செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. அதையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். இதோ, இந்த அட்டைப் பெட்டியை உங்களுக்கு அருகில் காட்டுகிறேன். இது 14 ரூபாய். 300 பெட்டி வாங்கினேன், 4,200 ரூபாய். செப்டம்பர் 22 முதல் அட்டைப் பெட்டிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் அக்டோபர் 4 தேதியிட்ட என் பில்லில் 12 சதவீதம் என்றே போட்டு, வரியாக 504 ரூபாய் வாங்கிவிட்டார்கள். உண்மையில் கட்ட வேண்டியது 210 ரூபாய்தான். நான் ஜிஎஸ்டி பதிவு பெறாதவள் என்பதால் கட்டிய வரியை எங்கும் கழித்துக்கொள்ள வழியில்லை. முழுவதும் என் செலவாகவே நின்றுவிடும். வித்தியாசம் 294 ரூபாய். இதற்காகவா மூன்று முறை கடை ஏறி இறங்கினாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஏறத்தாழ மூன்று கிலோ தேன்குழல் பிழிந்து, பொரித்து, எடைபோட்டு, கட்டிக் கொடுத்தால் கிடைக்கும் லாபம் அது. மூன்றாம் முறை போனபோது கணினியில் பழைய விகிதத்தையே மாற்றாமல் வைத்திருந்ததை அவர்களே பார்த்து, பில்லைத் திருத்தி 294 ரூபாயையும் கையில் கொடுத்தார்கள். நீங்களும் பெட்டி, நெய், வெண்ணெய் வாங்கிய பில்களை இன்றே எடுத்துப் பாருங்கள். இவை மூன்றும் 12-லிருந்து 5-க்கு வந்தவைதான்.

பொட்டலமிட்ட மிக்சர், முறுக்குக்கும் அதேபோல் வரி குறைந்ததால், “நீ ஏனம்மா விலையைக் குறைக்கவில்லை?” என்று ஓர் ஆச்சி நேராகவே கேட்டார்கள். மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனைத் தொகை, 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதையும், அவர்களிடம் நான் வரியே வாங்கியதில்லை என்பதையும் விளக்கினேன். ஆனாலும் நெய்யில் எனக்கு மிச்சமானது உண்மை என்பதால், பெட்டிக்கு ஒரு மாவுருண்டையைக் கூடுதலாக வைத்தேன். பெங்களூரிலிருந்து கேட்கும் நேயர்களுக்கு நான் அனுப்பாததன் காரணமும் இதுவே. வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு பெற்றாக வேண்டும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே, சென்ற ஆண்டின் ஆர்டர் நோட்டை எடுத்துவைத்து, அதிலிருந்த 83 பேரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். என்ன வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்கவில்லை, “இந்த ஆண்டு உங்கள் வீட்டில் தலைத் தீபாவளி உண்டா?” என்றுதான் கேட்டேன். ஆறு வீடுகளில் உண்டு என்றார்கள். தலைத் தீபாவளி வீட்டுக்குப் பலகாரம் கால் கிலோ, அரைக் கிலோ என்று போகாது. தேன்குழல், மனகோலம், அதிரசம் என்று ஒவ்வொன்றும் கிலோக் கணக்கில், மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகவே போகும். அந்த ஆறு வீடுகள் மட்டும் 41 கிலோ வாங்கின.

சம்பளத் தேதியையும் பார்க்க வேண்டும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது; இந்த ஆண்டு 20 அன்று வந்ததால், முதல் தேதி வாங்கிய சம்பளம் அதற்குள் கரைந்திருக்கும். ஆகவே 1 முதல் 5 வரை பாதிப் பணம் கட்டுபவர்களுக்கே ஆர்டர் உறுதி என்று அறிவித்தேன். 12 அன்று ஆர்டரை மூடினேன். அதன்பின் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்வது கடினமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிய பணத்துக்கே மாவு அரைத்ததால் எதுவும் வீணாகவில்லை. அடுத்த தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. சம்பளம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும் என்பதால் அப்போது இந்தத் தேதிகளை மாற்றிவிடுவேன்.

பணியாரத்தை இந்த ஆண்டு அடியோடு நிறுத்தினேன். அன்றன்றே தின்ன வேண்டிய பண்டத்தைப் பண்டிகைக் கூட்டத்தில் வைத்துக்கொண்டு அல்லாட முடியாது. அதிரசத்தை மட்டும் விட மனமில்லை. பொரித்தெடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஓர் இரவு முழுவதும் தட்டில் சாய்த்து வைத்து எண்ணெய் வடிந்த பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் நான்கு மணி நேரத்திலேயே அடுக்கியதால் எட்டுப் பெட்டிகளின் அடியில் எண்ணெய் கறை பிடித்துவிட்டது. கறை படிந்த பெட்டியை இன்னொருவர் கையில் பரிசாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எட்டையும் மாற்றிக் கொடுத்தேன்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் 14 இலக்க எண் என்னவென்று பலர் கேட்டிருந்தீர்கள். அது உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். 2025 நிலவரப்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை உள்ள வீட்டுத் தொழில்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்; இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடை முதலாளிகள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து முதலில் தேடியது அந்த எண்ணைத்தான்.

டிசம்பர் 3 அன்று திருக்கார்த்திகை. பொரி உருண்டைக்கான நோட்டை நாளை காலை திறக்கிறேன். நவம்பர் 25 அன்று மூடிவிடுவேன். வெல்லப் பாகு காய்ச்சும் நாளில் அடுத்த காணொளியில் சந்திப்போம்.