பக்கத்தில் உட்கார்ந்தால் முத்திரை அழியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டும் அனுப்பக் காத்துக்கொண்டும் இருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

'பல இனப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில், இந்த இனம் என்றால் இப்படித்தான் என்று மாணவர்கள் மேல் குத்தப்படும் முத்திரை தேய்கிறதா, தொடர்கிறதா?' தொடர்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "கலிபோர்னியா ஸ்டேட் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகம் எதற்காவது போய்ப் பாருங்கள். மெக்சிகோ, வியட்நாம், பிலிப்பைன்ஸ், பஞ்சாப் என்று எல்லா வம்சாவளியும் ஒரே வகுப்பில். பழகப் பழக முத்திரை தானாக உதிர்ந்துவிடும்." அப்படி நடக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த வகுப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

புள்ளியியல் வகுப்பு. பேராசிரியர் நாலு பேரை ஒரு குழுவாக்குகிறார். இன்னும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்குள் வேலை பிரிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண்ணிடம் எக்செல் ஃபைல் வந்து சேர்கிறது. அவள் படிப்பது வரலாறு. உயரமான கறுப்பின மாணவனிடம் விளையாட்டுக்காரன் என்றே நினைத்து "நீ எந்த டீம்?" என்கிறார்கள், அவன் சேர்ந்திருப்பது நர்சிங். ஹிஜாப் போட்ட பெண்ணிடம் "உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லாயிருக்கே" என்று பாராட்டு. அவள் பிறந்து வளர்ந்ததே கலிபோர்னியாவின் சான் ஹோசேயில். நாலாவது பையன் கொட்டாவி விடுகிறான். முந்தின நாள் இரவு முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். அவனுக்குக் கொடுத்தது கடைசி ஸ்லைடு. 'நன்றி' என்று எழுத வேண்டிய ஸ்லைடு. சோம்பேறி என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வேலையைப் பிரித்த விதமே சொல்லிவிட்டது.

இந்த நாலு பேரில் கெட்ட பிள்ளை ஒருவர்கூட இல்லை, நடுவர் அவர்களே. அதுதான் எனக்கு வருத்தம். செமஸ்டர் முழுக்கப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். ஆனால் பழக நேரம் எங்கே? கலிபோர்னியா ஸ்டேட் அமைப்பில் சுமார் 4.5 லட்சம் பேர் படிக்கிறார்கள். வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அதில் ஏராளம். வகுப்பு முடிந்ததும் ஒருவன் ஷிப்டுக்கு ஓடுகிறான், ஒருத்தி தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிறாள். பழகாத இடத்தில் முத்திரைதான் பேசும்.

இந்த அரங்கத்தையும் நான் விடப்போவதில்லை. ஒரு பிள்ளை ஸ்டேட்டில் சேர்ந்திருக்கிறது என்றதும் நம் வீட்டு விசேஷங்களில் முதல் கேள்வி என்ன? "ஏன், யூசி கிடைக்கலையா?" யூசி என்றால் கலிபோர்னியாவின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம், இடம் கிடைப்பது இன்னும் கடினம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகம் அந்த நொடியில் எப்படி வாடுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் இன்னொரு முறை அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"நம் மேல் இருப்பது நல்ல முத்திரைதானே, ஆசியப் பிள்ளைகள் என்றால் படிப்பாளிகள் என்கிறார்கள், அதில் என்ன நஷ்டம்?" என்று எதிரணியிலிருந்து ஒரு சகோதரி கேட்டார். அந்த முத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு, அம்மா. 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியது. படித்தவர்களுக்கும் தொழில்திறன் உள்ளவர்களுக்கும் கதவு திறந்தது. பொறியாளர்களையும் மருத்துவர்களையும் பொறுக்கி எடுத்து உள்ளே விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்ததும் அதை இனத்தின் குணம் என்றார்கள். 1975-க்குப் பிறகு போரில் எல்லாம் இழந்து அகதிகளாக வந்த, லாவோஸ் மலைப்பகுதி மக்களான ஹ்மாங் குடும்பங்களுக்கும் கம்போடியக் குடும்பங்களுக்கும் அதே 'ஆசியர்' கட்டம்தான். ஃப்ரெஸ்னோவிலும் லாங் பீச்சிலும் அவர்கள் பிள்ளைகள் ஸ்டேட் வளாகங்களில் படிக்கிறார்கள். கணக்கில் தடுமாறும் ஒரு கம்போடியப் பையன் டியூஷன் மையத்துக்குப் போகவே கூசுகிறான். "உனக்கா வராது?" என்று கேட்டுவிடுவார்களே! நல்ல முத்திரை என்கிறீர்கள், அது அவனுக்கு வர வேண்டிய உதவியைத் தடுக்கிறது.

முத்திரை மனதோடு நிற்பதில்லை, மதிப்பெண்ணிலும் இறங்குகிறது. கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கடினமான தேர்வை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு வைத்தார்கள். 'இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும்' என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். அதே தேர்வை, திறனை அளப்பதற்கல்ல என்று சொல்லிக் கொடுத்தபோது இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அந்தத் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தன் இனத்தின் பெயரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தேர்வு எழுதும் பிள்ளையின் பாரம் எனக்குப் புரிகிறது.

பழகினால் போதும் என்ற வாதத்துக்கு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே பதில் சொல்லிவிட்டார். சமமான நிலை வேண்டும், ஒரே குறிக்கோள் வேண்டும், கைகோத்துச் செய்யும் வேலை வேண்டும், நிறுவனமே முன்நின்று ஆதரிக்க வேண்டும். இவை இருந்தால்தான் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்றார். நாலில் எதுவும் தானாக வருவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் 1968 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், பழங்குடியினர் என்று இந்த மக்களின் வரலாற்றைச் சொல்லித்தர ஒரு தனிக் கல்லூரி 1969-இல் அங்கே பிறந்தது அதற்குப் பிறகுதான்.

அதற்கும் ஐம்பது ஆண்டு கழித்து, கலிபோர்னியா ஸ்டேட்டில் பட்டம் வாங்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த மக்களின் வரலாற்றைச் சொல்லும் இனவியல் பாடம் ஒன்றாவது படித்தே ஆக வேண்டும் என்று 2020-இல் மாநில அரசு சட்டம் போட்டது. முத்திரை தானாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன அவசியம் வந்தது? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.