ஒன்பதும் இருபத்திரண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

1972ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு வீடு. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன் மேல் புகைப்படத் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறார் அந்த வீட்டு அம்மா. கையில் கத்தரிக்கோல். படங்களில் புழு நெளிவது போலத் தெரியும் உருவங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார். நீளம் பார்த்து, கோடு பார்த்து, ஜோடி ஜோடியாக அடுக்குகிறார். வீட்டில் நான்கு பையன்கள். மேசைப் பக்கம் வந்தால் ஒரே கட்டளை: தும்மக் கூடாது. தும்மினால் 46 துண்டும் பறந்துவிடும். அம்மாவுக்குக் காகிதப் பொம்மை விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பையன்கள் கேலி பேசுவார்களாம்.

அந்த அம்மாவின் பெயர் ஜேனட் ரவுலி. அவர் வெட்டி அடுக்கியவை ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் குரோமோசோம்கள். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமந்திருக்கும் இழைகள் அவை. புற்றுநோய் என்பது மரபணுவில் நிகழும் கோளாறு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். உலகம் அதை நம்புவதற்கு அந்த மேசைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இன்றைக்கு இவரைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்று சரியாக எண்ணிச் சொன்னதே 1956இல்தான். அதுவரை பாடப்புத்தகங்களில் 48 என்று இருந்தது. காரணம், அவை ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, பின்னிக் கிடக்கும். பிரித்துப் பார்ப்பது கடினம். அந்தக் காலத்தில் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்ற மருத்துவர், லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் வெள்ளையணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தகட்டைக் குழாய்த் தண்ணீரிலேயே அலசிவிட்டார். உப்பில்லாத தண்ணீர் செல்லுக்குள் புகுந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை போல செல்கள் உப்பின. உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த குரோமோசோம்கள் விலகி, விரிந்து, தனித்தனியாகத் தெரிந்தன.

நோவெலுக்குக் குரோமோசோம் படிப்பு கிடையாது. ஆனாலும் இதை அப்படியே விட மனம் வரவில்லை. டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற ஆராய்ச்சி மாணவரைத் தேடிப் பிடித்தார். இருவரும் சேர்ந்து 1960இல் ஒரு செய்தி சொன்னார்கள். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா, அதாவது மருத்துவர்கள் சிஎம்எல் என்று சுருக்கிச் சொல்லும் நோய் வந்தவர்களின் செல்லில் ஒரு குரோமோசோம் மட்டும் அளவுக்கு மீறிக் குட்டையாக இருக்கிறது. ஊர்ப் பெயரையே வைத்து அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது.

சரி, குட்டையானால் மீதித் துண்டு எங்கே போனது? தொலைந்துபோயிருக்கும் என்றே பலரும் எண்ணினார்கள். அந்த எண்ணம் 13 ஆண்டுகள் நீடித்தது.

ரவுலி அம்மையார் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 19. வகுப்பில் 65 இடம், அதில் பெண்களுக்கு 3. மூன்றும் நிரம்பிவிட்டன. ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். 1948இல் டாக்டர் ஆனார், மறுநாளே திருமணம். அப்புறம் பிள்ளைகள். கடைசிப் பையனுக்கு 12 வயது ஆகும்வரை அவர் முழுநேர வேலைக்குப் போகவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையில் வேலை. அங்கே டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1959இல், அந்தக் குழந்தைகளுக்கு 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று பிரான்ஸிலிருந்து செய்தி வந்தது. அவர் கவனம் குரோமோசோம் பக்கம் திரும்பியது அப்படித்தான்.

கணவரும் விஞ்ஞானி. அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஓராண்டு விடுப்பு கிடைத்தபோது இவரும் போய்க் குரோமோசோம் வேலையைக் கற்றார். திரும்பி வந்ததும் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்ற ரத்தநோய் நிபுணரிடம் போய்க் கேட்டார்: ஒரு மைக்ராஸ்கோப், ஓர் இருட்டறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் அளவுக்குச் சம்பளம். ஜேக்கப்சன் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 5,000 டாலர். ஜேக்கப்சன் அன்று முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களுக்கு இப்படிக் கேட்கவே ஆள் கிடைக்காமல் போயிருக்கும்!

1970 வாக்கில் ஸ்வீடனில் டோர்ப்யோர்ன் காஸ்பெர்சன் குழுவினர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த குயினாக்ரின் மருந்தின் வகைச் சாயத்தைக் குரோமோசோமில் ஏற்றி, புறஊதா ஒளியில் பார்த்தால் பளிச்சென்றும் மங்கலாகவும் பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனிப் பட்டை வரிசை, கைரேகை போல. மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு போன ரவுலி இதைக் கற்று வந்தார். அந்தப் படங்கள்தான் மேசைக்கு வந்தன.

முதலில் வேறொரு லுக்கேமியாவில் 8ஆவதும் 21ஆவதும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். பிறகு சிஎம்எல் படங்களை எடுத்தார். குட்டையாக இருந்தது 22ஆவது குரோமோசோம். அது எல்லோருக்கும் கண்ணில் பட்டது. ரவுலி அதோடு நிற்காமல் மற்ற 45ஐயும் பார்த்தார். ஒரு 9ஆவது குரோமோசோமின் முனையில், இருக்கக் கூடாத ஒரு சின்ன மங்கலான துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நோயாளி, அதே 9. அதற்கடுத்தவர், அதே 9. துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது! 1973 ஜூனில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இது வந்தது.

உடனே கைதட்டல் கிடைத்துவிடவில்லை. குரோமோசோம் குழப்பமெல்லாம் புற்றுநோயின் விளைவு, காரணம் இல்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து. வீடு எரிந்தால் ஓடு உடையத்தான் செய்யும், ஓடு உடைந்ததால் வீடு எரிந்தது என்று சொல்வீர்களா என்பது போன்ற வாதம். ரவுலியின் பதில் படங்களிலேயே இருந்தது. எரிகிற ஒவ்வொரு வீட்டிலும் அதே ஓடு, அதே இடத்தில் உடைவது எப்படி? அதே நோயாளியின் நோயில்லாத செல்லில் அந்த உடைசல் இல்லையே, அது எப்படி? 1977இல் இன்னொரு வகை லுக்கேமியாவில் 15க்கும் 17க்கும் நடந்த மாற்றத்தையும் காட்டினார். ஒரு காலத்தில் சில வாரங்களில் உயிரைக் குடித்த அந்த நோய், இன்று பெரும்பாலானோருக்குக் குணமாகிறது.

1980களில் மூலக்கூறு ஆய்வாளர்கள் அந்த ஒட்டுப்போட்ட இடத்தை நெருங்கிப் பார்த்தார்கள். 9இலிருந்து வந்த ஏபிஎல் (ABL) மரபணு, 22இல் இருக்கும் பிசிஆர் (BCR) மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. ஏபிஎல் என்பது ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் வளர வேண்டியபோது திறந்து, போதும் என்றபோது மூட வேண்டும். பிசிஆரோடு ஒட்டியதும் குழாயின் கைப்பிடி உடைந்துவிடுகிறது. மூடவே முடியாது. வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

அப்படியானால் குழாய் வாயை அடைக்க ஒரு தக்கை செய்தால் என்ன? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கெய்கி நிறுவனத்தில், நிக் லைடன் இருந்த குழு அதைச் செய்தது. அந்தப் புரதம் தன் வேலைக்குச் சக்தி எடுக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு மூலக்கூறு. பெயர் இமாட்டினிப். இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று விடாமல் நின்றவர் ஓரிகனைச் சேர்ந்த மருத்துவர் பிரையன் ட்ரூக்கர். 1998 ஜூனில் சோதனை தொடங்கியது. வேறு மருந்து கேட்காமல் போனவர்களில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள் 54 பேர். அவர்களில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே 10 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கே நம் ஊரும் கதைக்குள் வருகிறது. இந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ், அதாவது சீபா-கெய்கி இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து உருவான நிறுவனம், கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைத் தொட்டு, உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013 ஏப்ரல் 1 அன்று அங்கும் நிராகரிப்பே. அந்தக் காலத்தில் நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பு சுமார் 8,000லிருந்து 10,000 வரை. மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது நோயாளியின் வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில், 88 வயதில், ரவுலி அம்மையார் காலமானார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது சிஎம்எல் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, பிசிஆர்-ஏபிஎல் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் வாங்கி வருவார். பல ஆண்டு அந்த எண் மிகக் கீழேயே இருந்தால், டாக்டரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. அடுத்த முறை அந்தத் தாளைப் பார்த்தால், நடுவில் இருக்கும் சின்னக் கோட்டைக் கவனியுங்கள். 22உம் 9உம் ஒட்டிக்கொண்ட இடம் அது.