முதலில் அறிக்கையை எழுதுங்கள்

ரோட்டரி சங்கங்களின் அடுத்த ஆண்டுத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கான மானிய மேலாண்மைக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.

எல்லோருக்கும் வணக்கம்.

சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு என்னுடையது. நீட்டினால் திட்டுவீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் டீ குடிக்கும்போது சிலரிடம் கேட்டுப் பார்த்தேன்: இந்த வருஷம் டிஸ்ட்ரிக்ட் கிராண்டுக்கு, அதாவது ரோட்டரி மாவட்டம் சங்கங்களின் திட்டங்களுக்குத் தரும் மானியத்துக்கு, என்ன எழுதப் போகிறீர்கள் என்று. பாதிப் பேர் அரசுப் பள்ளிக்கு ஆர்ஓ இயந்திரம் என்றார்கள். மீதிப் பேர் பெஞ்ச், டெஸ்க், ஸ்மார்ட் போர்டு. எதுவும் தப்பில்லை. “பள்ளியில் யாரிடம் பேசினீர்கள்?” என்று கேட்டேன். “ஹெச்.எம். வேண்டாம்னா சொல்லப் போறார் சார்?” என்றார் ஒருவர்.

சொல்ல மாட்டார்தான். இலவசமாக வருவதை எந்தத் தலைமையாசிரியர் வேண்டாம் என்பார்? அதனால்தான் அவருடைய சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதக் கூடாது என்கிறேன்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் வராந்தாவில் ஆர்ஓ இயந்திரம் நிற்கிறது. சங்கத்தின் பெயரும் அப்போதைய ரோட்டரி மாவட்ட கவர்னர் பெயரும் பொறித்த பலகை பளபளவென்று இருக்கிறது. சுவிட்ச் அணைந்து கிடக்கிறது. பிள்ளைகள் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கிறார்கள். இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டால், இல்லை. இப்படிப்பட்ட சின்ன ஆர்ஓக்களில் உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே வரும். அந்தக் கழிவுக் குழாயை இவர்கள் சத்துணவுக் கூடத்து வாசல் பக்கம் விட்டிருந்தார்கள். அங்கே சேறு கட்டியது. சமையல் செய்கிற அம்மா இரண்டு முறை வழுக்கி விழப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே சுவிட்சை அணைத்துவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குழாயை எங்கே விடுவது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஃபில்டர் மாற்றுகிற செலவு யாருடையது, மின்கட்டணம் ஏறினால் யார் கட்டுவது என்பதும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் இறுதி அறிக்கையின் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பியுங்கள். திட்டம் முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்குப் பயன்? அது எப்படித் தெரியும்? சங்க உறுப்பினர்கள் என்ன வேலை செய்தார்கள்? எந்தச் செலவினத்துக்கு எவ்வளவு? இனிமேல் யார் பராமரிப்பார்கள்? இதில் எந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லையோ, அதற்குப் பதில் தேடித்தான் நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டும். ஹெச்.எம். அறையோடு திரும்பாமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோரிடம் பேசுங்கள். சமையல் கூடத்துக்கும் கழிப்பறைப் பக்கமும் போய்ப் பாருங்கள். ஆர்ஓ கேட்க நினைத்தவர்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்புக் கேட்டுத் திரும்பி வந்தால், நல்ல விண்ணப்பம் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களில் பலர் இது அமெரிக்காவிலிருந்து வருகிற தர்மம் என்று நினைக்கிறார்கள். 1917இல் அட்லாண்டாவில் நடந்த ரோட்டரி மாநாட்டில் அப்போதைய ரோட்டரி தலைவர் ஆர்ச் கிளம்ஃப் ஒரு நிதி வேண்டும் என்று பேசினார். அதற்கு முதலில் வந்த நன்கொடை கான்சாஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். ஆரம்பமே சில்லறைதான். அந்த நிதிதான் இன்றைய ரோட்டரி அறக்கட்டளை. இன்றைக்கு உங்கள் ரோட்டரி மாவட்டம் அதன் ஆண்டு நிதிக்குக் கொடுக்கிற பணம் மூன்று வருஷம் முதலீட்டில் இருந்துவிட்டு, பாதிக்குச் சற்றுக் குறைவாக மாவட்டத்தின் பெயருக்கே திரும்பி வருகிறது. டிடிஎஃப், மாவட்டத்தின் பங்கு நிதி என்கிறோமே, அதுதான். அதில் பாதி வரைக்கும் டிஸ்ட்ரிக்ட் கிராண்டாக எடுக்கலாம். ஆக, மூன்று வருஷத்துக்கு முன்பு உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் கொடுத்த பணத்துக்குத்தான் நீங்கள் இப்போது கணக்குச் சொல்லப் போகிறீர்கள். குளோபல் கிராண்ட் வேறு சமாச்சாரம். திட்ட மதிப்பே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக வர வேண்டும். அதற்கு மதியம் தனி அமர்வு இருக்கிறது.

இன்னொன்று. மானியம் ஒப்புதலாவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டு, “அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று இருக்காதீர்கள். முடிந்த வேலைக்கும் பாதி நடந்துகொண்டிருக்கிற வேலைக்கும் இந்தப் பணம் கிடையாது. ஆயுத பூஜைக்குள் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஆழ்துளைக் கிணறு போட்ட சங்கம், அந்தச் செலவைத் தன் கையிலிருந்துதான் போட வேண்டும்.

இப்போது பொருளாளர்கள் கவனியுங்கள். பணம் சங்கத்தின் கணக்கில்தான் இருக்க வேண்டும். தலைவரின் கம்பெனிக் கணக்கில் இரண்டு நாள் நிறுத்தி வைப்பது என்ற பேச்சே வேண்டாம். எடுப்பதற்கு இரண்டு உறுப்பினர் கையெழுத்து. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நம் வருஷம் ஜூலை 1இல் ஆரம்பிக்கிறது. புதுத் தலைவர், புதுப் பொருளாளர். தீர்மான நகல், கேஒய்சி, பழையவர்கள் கையெழுத்து எல்லாம் கொடுத்தும் வங்கியில் கையெழுத்து மாற வாரக்கணக்கில் ஆகிறது. பழைய பொருளாளர் மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போயிருப்பார். சப்ளையர் அட்வான்ஸ் கேட்பார். கொட்டேஷன் செல்லுபடியாகும் 30 நாள் முடிந்து விலை ஏறும். திட்டம் தாமதமாவது பெரும்பாலும் பள்ளியில் இல்லை, இந்த வங்கிக் கவுன்டரில்தான். கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை ஜூன் மாதக் கூட்டத்திலேயே போட்டுக் கையில் வைத்திருங்கள்.

பில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சங்கத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் வேண்டும். எஸ்டிமேட் சீட்டில் “பெறப்பட்டது” என்று முத்திரை குத்தியதெல்லாம் பில் ஆகாது. பணம் செக்கிலோ நெஃப்டிலோ போக வேண்டும். கொடுத்த பொருள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறி, அந்தப் பக்கத்தின் நகல் உங்கள் கோப்புக்கு வர வேண்டும். சேமிப்புக் கணக்கில் அந்தப் பணத்துக்கு 212 ரூபாய் வட்டி விழுந்தால், அந்த 212 ரூபாயும் கணக்கில் தெரிய வேண்டும். அதைத் திட்டத்துக்கே செலவு செய்யலாம், இல்லையென்றால் திருப்பித் தரலாம், சங்கத்தின் டீ செலவில் கரைக்கக் கூடாது. ஆவணங்களைக் குறைந்தது 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

பொருள் வாங்குவதற்கு முன் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறீர்கள். ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் எழுதித் தருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் சரிபார்க்கிறவருக்கும் தெரிந்துவிடும். உங்கள் உறுப்பினரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், நல்ல விலைக்குத் தருவார் என்றால், அதை மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள். விலை முடிவு செய்கிற கூட்டத்தில் அவர் உட்காராமல் இருந்தால் போதும். சொல்லாமல் விட்டால், நியாயமான விலைகூடச் சந்தேகத்துக்கு இடமாகும்.

கடைசியாக, வெளிநாட்டுப் பணம். நம் ஊர்க்காரர் ஒருவர் லண்டனில் இருக்கிறார், பள்ளிக்கு 1,000 பவுண்டு தருகிறேன் என்கிறார். சந்தோஷம்தான். ஆனால் அவர் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்து அங்கேதான் வாங்க வேண்டும். பதிவு உள்ள அமைப்பை வாங்கச் சொல்லி நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றால், அதையும் அந்தத் திருத்தம் தடுத்துவிட்டது. தப்பாக வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவதும் லேசான வேலையில்லை. ஆகவே வங்கி விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் உங்கள் ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

மானியத்துக்காகச் சங்கம் மாவட்டத்தோடு போடுகிற ஒப்பந்தத்தின் படிவம் வாசல் பக்க மேசையில் இருக்கிறது. நடப்புத் தலைவர், அடுத்த தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நடப்புத் தலைவர் வராத சங்கங்கள் படிவத்தை ஊருக்கு எடுத்துப் போய் வாங்கி அனுப்புங்கள். சாப்பிட்டு வந்ததும் நான் அதே மேசையில் இருப்பேன். கொட்டேஷன் கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், பார்த்துவிடலாம்.