கறுப்பு மண், கீழே குழாய்: இல்லினாயின் ஃபோர்ட் கவுண்டி நிலம் எப்படிப்பட்டது?

[திரையில்: மே மாதம். மேடு பள்ளம் இல்லாத கறுப்பு வயல், தொலைவில் ஒரு தானியக் கிடங்கு]

வணக்கம். நீங்கள் பார்க்கிற இந்த வயல், சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 100 மைல் தள்ளி, இல்லினாய் மாநிலத்தின் ஃபோர்ட் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மாநிலத்தின் 102 கவுண்டிகளில் கடைசியாக, 1859-இல் உருவானது இதுதான். இப்போது மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைகிற இடம். இவ்வளவு நல்ல மண்ணை வைத்துக்கொண்டு ஊர் ஏன் இத்தனை தாமதமாக எழுந்தது? முக்கியக் காரணம், தண்ணீர் வடியாததுதான். அன்றைக்கு வசந்த காலத்தில் இங்கே வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும், கொசு மொய்க்கும், மலேரியாக் காய்ச்சல் வரும். ஆற்றோரமாக மரம் இருக்கிற மேட்டு நிலம் கிடைத்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, மண்ணுக்கு வருவோம்.

[திரையில்: மண் வரைபடம், 152ஏ என்ற குறி பெரிதாகிறது]

152 என்றால் டிரம்மர் மண், ஏ என்றால் சரிவு ஏறக்குறைய இல்லாத சமதரை. இந்த மண்ணுக்குப் பெயர் கொடுத்ததே இந்தக் கவுண்டியில் ஓடுகிற டிரம்மர் ஓடைதான். இல்லினாயில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருப்பதால் இதையே மாநில மண்ணாகவும் அறிவித்திருக்கிறார்கள். பனிப்பாறைகள் உருகி ஓடிய காலத்தில் நீர் விட்டுச்சென்ற மணலும் சரளையும் கலந்த அடுக்கு அடியில், அதன் மேல் காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மாவு போன்ற பொடிமண் மூன்றிலிருந்து ஐந்து அடி. அதற்கும் மேலே பல்லாயிரம் வருடம் ஆள் உயரப் புல். புல்லின் வேர் செத்துச் செத்து மண்ணுக்குள்ளேயே தங்கியது, நீர் தேங்கி நின்றதால் காற்று புகவில்லை, காற்று இல்லாததால் மட்கு, அதாவது வேர் அழுகிச் சேர்ந்த பொருள், முழுசாகச் சிதையவில்லை, அப்படிச் சேர்ந்ததுதான் இந்தக் கறுப்பு.

[திரையில்: கை நெருக்கத்தில்]

ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டை விரலால் ஆள்காட்டி விரல் மேல் நாடா மாதிரி தள்ளிப் பாருங்கள். ஒன்று, ஒன்றரை அங்குலம் வந்து உடைந்துவிடும். விரலில் வழுவழுப்பு நிற்கும், அது பொடிமண். கொஞ்சம் ஒட்டும், அது களி. களி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால் இந்த மண் நீரைப் பிடித்தும் வைக்கும், வடிய வழி கொடுத்தால் விடவும் விடும். ஜூலை, ஆகஸ்டில் மழை தவறினாலும் பெரும்பாலும் பாசனம் இல்லாமலே மக்காச்சோளம் தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வழி கொடுக்க வேண்டுமே! ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள சுட்ட மண் குழாய்களை மூன்று நான்கு அடி ஆழத்தில் ஒன்றோடொன்று முட்ட வைத்து வரிசையாகப் புதைத்தார்கள், இணைப்பின் சந்துகள் வழியாகக் கசிகிற நீர் ஓடைக்குப் போகும். 1879-இல் வடிகால் சட்டங்கள் வந்த பிறகு பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து பொது வாய்க்கால் வெட்டுவதும் எளிதாயிற்று. இப்போது துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு, கண்ணில் படாத அந்தக் குழாயை எடுத்துவிட்டால் இந்த வயல் சதுப்பு நிலம்தான்.

அமெரிக்க மண் ஆய்வில் நிலத்தை 1 முதல் 8 வரை தரம் பிரிப்பார்கள், 1 தான் உயர்ந்தது. இவ்வளவு பெயர் வாங்கிய டிரம்மருக்கு 2 தான். கூடவே ஈரத்தைக் குறிக்கிற ஓர் எழுத்தையும் போட்டிருப்பார்கள்.

அப்புறம், கறுப்பாக இருப்பதெல்லாம் டிரம்மர் என்று நினைத்துவிடாதீர்கள். இதே கவுண்டியில் பிரைஸ் என்று ஒரு மண் உண்டு. மேலே அதே கறுப்பு. பிசைந்து பார்த்தால் நாடா இரண்டு அங்குலம் தாண்டியும் உடையாமல் வரும், அவ்வளவு களி. நீர் மெதுவாகத்தான் இறங்கும், குழாயைத் தூரத் தூரப் போட்டால் பயனில்லை, மேல்வாய்க்காலையும் நம்ப வேண்டியிருக்கும். ஈரத்தில் டிராக்டரை இறக்கினால் இறுகிப் போகும், காய்ந்தால் வெடிக்கும். உழவுக்குப் பதம் வருகிற நாட்களும் குறைவு. இங்கே நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ நினைக்கிறவர் நிறத்தைப் பார்த்து விலை பேசக் கூடாது. வரைபடத்தில் எண்ணைப் பாருங்கள், கீழே குழாய் எங்கே போகிறது, எந்தக் காலத்துக் குழாய் என்று கேளுங்கள்.

வடித்ததற்கு விலையும் உண்டு. காற்று புகுந்ததும் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்கின்றன, கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. குழாய் நீரோடு நைட்ரேட்டும் சேர்ந்து ஓடைக்குப் போய், மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடா வரை போகிறது. அங்கே அது பாசியைப் பெருக்கி, பாசி செத்து அழுகும்போது கோடைதோறும் கடலின் அடிநீரில் ஆக்சிஜன் குறைந்து, தப்பிப் போக முடியாத உயிர்கள் மடிகின்றன. குளிர்காலத்தில் மூடுபயிர், அதாவது வெறும் மண்ணை மூடி நைட்ரேட்டைப் பிடித்துவைக்கிற பயிர், போடுவதைக் கூடுதல் வேலை என்று தள்ளிவிடாதீர்கள் என்று இங்குள்ள விவசாயிகளைக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

[திரையில்: கல்லறைத் தோட்டம், உயரமான புல்]

பாக்ஸ்டன், இந்தக் கவுண்டியின் தலைநகர். இங்குள்ள பிராஸ்பெக்ட் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி சுமார் 5 ஏக்கர் பழைய புல்வெளி மிச்சமிருக்கிறது. கல்லறைக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால் கலப்பை அங்கே இறங்கவில்லை. ஆகஸ்டில் போனால் புல் ஆள் உயரம் நிற்கும்.