ஹெரால்டுக்கு முதலில் எதைச் செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 18 வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறதாம். அதைத் தன் ரசனைப்படி மாற்றி ரோட்டில் இறக்க வேண்டும் என்றார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் 14 வேலைகளை எழுதியிருந்தார். முதல் வரியில் அலாய் வீல். அப்புறம் தோல் சீட், ஏசி, மியூசிக் சிஸ்டம், இரட்டை வண்ணம், இன்னும் பெரிய எஞ்சின் என்று போனது. 14 வரியிலும் பிரேக் என்ற சொல் இல்லை.

அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசை இருந்தால்தான் இப்படிப்பட்ட வேலையில் ஒருவர் இறங்கவே முடியும். வரிசைதான் தலைகீழாக இருந்தது. எது முதலில், எது பிறகு என்ற அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஹெரால்டு நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதைச் செய்தது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம் இருந்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு பிறந்தது இந்தியாவில் மட்டும்தான். 948 சிசி எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாயும். சிறு வயதில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றவன் நான்.

அந்த இளைஞரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்த வண்டியில் யார், எங்கே போகப்போகிறீர்கள்?" என்பதுதான். கண்காட்சிக்கா, தினமும் வேலைக்குப் போகவா, குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்வரவா? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. செலவும் சட்டமும் இந்த ஒரு பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் என்று ஏன் சொல்கிறேன்? 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டியை அந்த வகையில் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் ‘வி ஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸ் என்ற அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த வகையில் சேர்க்க மாட்டார்கள். சேர்த்த வண்டியையும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். இன்னொரு பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, எஞ்சினை மாற்றுவதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காசைக் கொட்டிய பிறகு விசாரிப்பதில் பிரயோஜனமில்லை.

சரி, இனி வண்டிக்கு வருவோம்.

ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான், ஆயில் போகும் பாதையும் ஒன்றுதான். எங்கேயாவது ஒரு குழாயில் ஊசித் துளை விழுந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பல வருஷம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர்களை உள்ளேயிருந்து தின்றுகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். "இது நல்லாத்தான் இருக்கு சார்" என்று யாராவது ஒரு பழைய குழாயைக் காட்டினால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்தது, இந்த வண்டியை வைத்திருப்பவர்களில் பலருக்கே தெரியாத ஒன்று. முன் சக்கரம் திரும்புவதற்கு ஒரு செங்குத்துத் தண்டு இருக்கிறது. அதன் கீழ்முனையில் மரை வெட்டி, ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். அந்தக் கட்டைக்கு ட்ரன்னியன் என்று பெயர். அதற்குக் கிரீஸ் வைக்கக்கூடாது, 90 கிரேடு கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கன்னால்தான் செலுத்த வேண்டும் என்பதால், உள்ளே போவதும் கிரீஸ்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் ஆழம் வரை போகாது. தண்ணீர் இறங்கி, துரு பிடித்து, ஒருநாள் தண்டு முறியும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் முறியும், சக்கரம் அப்படியே மடங்கி விழும். அலாய் வீலை முதல் வரியில் எழுதிய அந்தத் தம்பிக்கு இதைத்தான் முதலில் காட்டினேன். அகலமான வீலை வெளியே தள்ளி மாட்டினால் அந்தத் தண்டின் மேல் சுமை கூடும். ஆகவே தண்டும் ட்ரன்னியனும் முதலில், வீல் பிறகு.

பின்பக்கம் வேறு கதை. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் தாங்கும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியப் பார்க்கும். 948 சிசி எஞ்சினோடு நிதானமாக ஓட்டும்வரை இது பெரிய தொல்லையில்லை. இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்சினை வைத்தால் தொல்லைதான்.

இங்கே டிரையம்ஃப் கம்பெனியே என்ன செய்தது என்று பாருங்கள். 1962-ல் இதே அமைப்பில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விட்டெஸ் என்ற காரை இங்கிலாந்தில் விற்றார்கள். எஞ்சினை மட்டும் தூக்கி வைத்துவிடவில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார்கள், சேஸைப் பலப்படுத்தினார்கள். பிறகு 2 லிட்டர் எஞ்சின் வந்தது. 1968-ல் அந்தப் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். சக்தி கூடக் கூட, அதைத் தாங்குவதற்கும் நிறுத்துவதற்கும் வழி செய்யாமல் அவர்களாலேயே முடியவில்லை. நாம் மட்டும் எப்படி எஞ்சினிலிருந்து ஆரம்பிப்பது?

இப்போது பெயின்ட். இதில் என் சொந்த அனுபவம் கொஞ்சம் கசப்பானது. என் அப்பாவின் ஹெரால்டை நான் எடுத்துச் செய்தபோது, அழகைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட வேண்டும் என்று முதலில் டிங்கரிங், பெயின்டிங் முடித்தேன். எட்டே மாதத்தில் வலது கதவு தொங்க ஆரம்பித்தது. ஹெரால்டில் பாடி வேறு, சேஸ் வேறு. சேஸின் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல இரும்புகள் வரும். பாடி அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கைகளில் ஒன்று துருவேறி மாவாகியிருந்தது. வெல்டிங் வைத்த சூட்டில் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்தது, பட்டி வெடித்தது. மூன்று மாத வேலையைச் சுரண்டி எடுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் சொல்கிறேன். பின்னால் எதற்காவது வெல்டிங் வைக்க வேண்டுமா, ஓட்டை போட வேண்டுமா என்று ஒவ்வொரு வேலைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அது பெயின்டுக்கு முன்னால் வர வேண்டும். சீட் பெல்ட் மாட்டும் இடத்துக்குக் கனமான தகடு வைப்பது, ஏசி குழாய்க்கு வழி விடுவது எல்லாம் இதில் அடங்கும். சேஸை வெல்டிங் வைக்கும்போது பாடியை அதன் மேலேயே வைத்து, கதவுகளைச் சாத்தி, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இல்லாவிட்டால் இடைவெளி எல்லாம் கோணும். கதவு, பானெட், டிக்கி மூன்றையும் பெயின்ட் இல்லாமல் மாட்டிப் பார்த்து, சந்து ஒரே சீராக வந்தபிறகு கழற்றி வண்ணம் அடியுங்கள்.

வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம். பழைய வயரில் ஒட்டுப் போடாதீர்கள். மியூசிக் சிஸ்டமும் ஏசியும் வேண்டுமென்றால் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், புது ஃபியூஸ் பெட்டி, புது வயர். ரேடியேட்டரும் அப்படித்தான். நம் ஊர் மே மாதத்தையும் சிக்னலில் நிற்பதையும் நினைத்து, உள்ளிருக்கும் கோர் என்ற குழாய்த் தொகுதியையே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அந்தத் தம்பியிடம் கண்டிப்பாகவே பேசினேன். அவரிடம் 5 லட்சம் இருந்தது. அதில் ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். பழைய வண்டியில் கழற்றிய பிறகுதான் நோய் தெரியும், அப்போது கையில் காசு இருக்க வேண்டும். பாதியில் பணம் தீர்ந்து, துண்டு துண்டாகக் கிடந்து, கடைசியில் இரும்புக் கடைக்குப் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய கொட்டகைக்குப் போயிருந்தேன். எஞ்சினை மாற்றும் யோசனையை விட்டுவிட்டார். தாத்தாவின் 948 சிசி எஞ்சினையே திறந்து புது பிஸ்டன் ரிங் போடப்போகிறாராம். சேஸில் நாலு கைகள் புதிதாக வைத்தாகிவிட்டது, ரெட் ஆக்சைடு மணம் இன்னும் போகவில்லை. இடது கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு விரலால் தள்ளினேன், டக்கென்று உட்கார்ந்தது. அடுத்த வாரம் பிரேக் குழாய் வேலை. என்ன வண்ணம் என்று கேட்டேன். பாட்டியிடம் கேட்க வேண்டும், தாத்தா வாங்கியபோது என்ன நிறத்தில் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும் என்றார்.

நன்றி. வணக்கம்.